கடைசி ஆள் எறங்கற வரைக்கும்

டிரில்னு சொன்னா என் பேரன் சுவத்துல ஓட்ட போடற மெஷினத்தான் நெனைக்கிறான். அவன் மேல தப்பில்ல. ஆம்பூர்ல இப்ப எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது வீட்ட இடிச்சுக் கட்டிட்டுதான் இருக்காங்க. எனக்கு அந்த வார்த்தையச் சொன்னா காதுல விசில்தான் கேக்கும். ஸ்கூல்ல டிரில் பீரியட்னா வெளாட்டு. கம்பெனில டிரில்னா சைரன். எங்க வீட்ல என் மாமியார் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட "இன்னிக்கு எஸ்தர் என்ன நல்லா டிரில் வாங்கிட்டா"ன்னு சொன்னாங்கன்னா, நான் அவங்கள ஆட்டோ வெக்காம ஆஸ்பத்திரிக்கு நடக்க வெச்சிருக்கேன்னு அர்த்தம்.

ரிட்டயர் ஆனவங்க வாயத் தொறந்தா மூட மாட்டாங்கன்னு என் மருமக சொல்றா. இருக்கட்டும். நான் சொல்லப்போறது ஒரே ஒரு நாள் கத. மத்ததெல்லாம் அந்த நாளுக்குப் போற வழி. இத எழுத வெச்சது திவ்யான்னு ஒரு பொண்ணு. வாணியம்பாடிக்காரி, நான் வேல பாத்த ஷூ கம்பெனில இப்ப சேஃப்டி ஆபீசர். போன மழைக்கு முன்னாடி ஒரு நாள் போன் பண்ணி, "அக்கா, அந்த நாளப் பத்தி நீங்க வந்து எங்க ஜனங்ககிட்ட பேசணும்"னா. எதுக்குன்னு கேட்டேன். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்கக்கா"ன்னா. அவ சொன்னது இன்னா விஷயம்னு கடைசில சொல்றேன்.

நான் மிஷன் ஸ்கூல்ல படிச்சேன். படிச்சேன்னு சொல்றது மரியாதைக்கு. கோ-கோ ஆடினேன்னு சொல்றதுதான் நெசம். எங்க டிரில் டீச்சர் லில்லி டீச்சர், கோ-கோல ஓடறதுக்கு முன்னாடி உக்கார்றதுக்குதான் எங்களப் பழக்குவாங்க. வரிசைல குத்துக்கால் போட்டு உக்காரணும். முதுகுல கை படாம எழுந்திரிக்கக் கூடாது. பட்டுதுன்னா யோசிக்கக் கூடாது, எழுந்து ஓடிடணும். யாராவது யோசிச்சிட்டு எழுந்தா, "மகாராணி, உனக்கு பத்திரிகை அடிச்சு வெச்சாதான் எழுந்திரிப்பியா?"ன்னு கேப்பாங்க. எத்தனையோ சாயங்காலம் அந்த மண்ணுல உக்காந்து முதுகால கேக்கக் கத்துக்கிட்டோம்.

பத்தாவது முடிஞ்சதும் கம்பெனி. எங்க பக்கத்துல அதுதான் வழக்கம். அப்பா தோல் பதப்படுத்தற டேனரில, நான் ஷூல. மொதல்ல டேபிள்ல சொல்யூஷன், அதான் தோல ஒட்டற பச, தடவற வேல, அப்புறம் ஸ்டிச்சிங். புதுசா வந்தவளுக்கு நூல் கோக்காத மெஷினக் குடுத்து, பேப்பர்ல போட்ட கோட்டு மேலயே ஊசிய ஓட்டச் சொல்வாங்க. கோடு நேரா வர்ற வரைக்கும் தோலத் தொட முடியாது. வந்துச்சு. கல்யாணம், பசங்க, அதுக்கு நடுவுல லைன் சூப்பர்வைசர். எல்லாத்தையும் விவரமா எழுதலாம், ஆனா மருமக எட்டிப் பாத்துட்டுப் போறா.

இப்ப செக்கிங் பத்திச் சொல்லணும். தெரியாதவங்களுக்கு இது புரியணும், இல்லன்னா கத புரியாது.

ஷூ கம்பெனில தோல் துண்டு ஒவ்வொண்ணும் கணக்கு. வெளிய போகும்போது பொம்பளைங்கள ஒரு லேடி செக்கர் தடவிப் பாத்துதான் அனுப்புவாங்க. எங்க ஹால் மாடில. முன்படி எறங்கினா கீழ ஒரு சின்ன நடை. நடையோட முடிவுல செக்கர் கன்னியம்மா சிவப்பு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருப்பா. நாம போய் அவ முன்னாடி நின்னு, ரெண்டு கையையும் தூக்கணும். அவ இடுப்புல, பையில தட்டிப் பாத்துட்டு முதுகுல ஒரு தட்டு தட்டுவா. அந்தத் தட்டு விழுந்தாதான் நீ போகலாம். சாப்பாட்டுக்கு ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு.

அது எங்களுக்கு எவ்ளோ அசிங்கமா இருந்துச்சுன்னு எழுதறதுக்கே கூச்சமா இருக்கு. கன்னியம்மா நல்லவதான். அவ கையக் கூடிய மட்டும் மெதுவாத்தான் வெப்பா, "இன்னா கொழம்பு இன்னிக்கு?"ன்னு கேட்டுக்கினே வெப்பா. ஆனாலும் ஒடம்பு ஒடம்புதானே. அதுக்காக தட்டு வாங்காம யாரும் வெளிய போனதில்ல. ஒருத்தி, கொழந்தைக்கு ஜுரம்னு போன் வந்து, அவசரத்துல நிக்காம ஓடிட்டா. மறுநாள் அவள கேட்லயே நிறுத்தி, எல்லார் எதிர்லயும் கேள்வி கேட்டாங்க. ஒண்ணும் எடுக்கல அவ. ஆனா அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவளப் பாத்தா ரெண்டு பேர் குசுகுசுன்னு பேசுவாங்க. திருட்டுப் பேர்னா எங்க ஊர்ல பொண்ணு கட்ற எடம் வரைக்கும் வரும்.

இந்த ஒழுங்கையெல்லாம் போட்டவர் எங்க செக்யூரிட்டி ஆபீசர். மிலிட்டரில சுபேதாரா இருந்து வந்தவர். ஊர் குடியாத்தம் பக்கம். எல்லாருக்கும் அவர் சுபேதார் ஐயா, எங்களுக்குள்ள மட்டும் "விசில்." வெள்ளக் கயித்துல கட்டின விசில் எப்பவும் சட்டப் பையில. சட்ட மடிப்பு ஒண்ணு கூட கலையாது. வேர்வைக்கே அவர்கிட்ட பயம்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். ஆனா யாரையும் நீ வா போன்னு பேசினதில்ல. தர கூட்டற பொண்ணுகிட்டயும் "வாங்கம்மா"தான். கோவம் வந்தா குரல் எறங்கும். அவர் மெதுவாப் பேச ஆரம்பிச்சாருன்னா நாங்க எல்லாம் கப்சிப்.

காலைல ஷிஃப்ட் தொடங்கறதுக்கு முன்னாடி அவர் ஒரு நட நடப்பார். தீயணைக்கிற செவப்பு சிலிண்டர் ஒவ்வொண்ணையும் கழட்டி, தலகீழா கவுத்து, காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாப்பார். ஏன்யா இது இன்னா தேங்காயான்னு நானே கேட்டிருக்கேன். "உள்ள பவுடர் கட்டி ஆயிடும்மா. கட்டியானா சத்தம் வராது. சத்தம் வரலன்னா அது சிலிண்டர் இல்ல, சுவத்துல மாட்டின போட்டோ"ன்னார். அப்புறம் எமர்ஜென்சி கதவு. அது பின்படிக்குப் போற கதவு. அதுக்கு முன்னாடி அட்டப் பெட்டி அடுக்கறது பேக்கிங் ஆளுங்க பழக்கம். தினம் அவரே பெட்டியத் தூக்கி ஓரமா வெப்பார், வாய் பேசாம. ரெண்டு வாரம் அந்த மனுஷன் தூக்கறதப் பாத்துட்டு, வெக்கப்பட்டு அவங்களே அடுக்கறத நிறுத்திட்டாங்க.

சைரன் டிரில்ல எனக்கு அவர் குடுத்த வேல, கடைசி ஆள். எல்லாரும் எறங்கினப்புறம் பாத்ரூம் வரைக்கும் பாத்துட்டு கடைசியா எறங்கறவ. "ஏன்யா நானு?"ன்னேன். "உங்களுக்கு வாய் ஜாஸ்தி. கடைசி ஆளுக்கு வாய் வேணும்"னார். அவ்ளோதான் பாராட்டு. ஆனா வேலையச் சொல்லிக் குடுத்தப்ப ஒரு அவசரமும் கெடையாது. பாத்ரூம் கதவத் தட்டி "யாராவது இருக்கீங்களா"ன்னு கேக்கக் கூடாது, ஒவ்வொரு கதவையும் கையால தள்ளணும். "பயந்தவங்க பதில் சொல்ல மாட்டாங்கம்மா." மூடின கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி பொறங்கைய வெச்சுப் பாக்கணும், உள்ளங்கைய இல்ல. "உள்ளங்கை வெந்துபோனா அப்புறம் எதப் புடிச்சு எறங்குவீங்க?" அவர் என் மணிக்கட்டப் புடிக்காம, தன் கையவே கதவுல வெச்சுக் காட்டுவார். நான் வெப்பேன். "இன்னொரு தடவ"ம்பார். வெப்பேன். "சபாஷ்"னு சொல்லவே மாட்டார்.

ஆனா டிரில் எப்ப நடக்கும்? எங்க ஷூவ வாங்கற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வர்றப்ப நடக்கும். காலைலயே எல்லாருக்கும் தெரியும். பவுடர் போட்டுக்கினு வர்ற பொண்ணுங்க உண்டு, போட்டோல விழணுமே. கன்னியம்மாவ அன்னிக்கு முன்னாடியே எழுப்பி ஓரமா நிக்க வெச்சிடுவாங்க. ஹெச்.ஆர். மேடம் மைக்ல "மெதுவா, மெதுவா"ம்பாங்க. நாங்க சிரிச்சிக்கினே எறங்கி மைதானத்துல லைன் லைனா நிப்போம். சொல்லாம டிரில் வெக்கணும்னு சுபேதார் ஐயா எத்தன தடவையோ கேட்டார். புரொடக்ஷன் போயிடும்னு மேல விடல.

அந்த நாள் வெயில் ஏறத் தொடங்கின மாசம். சாப்பாட்டு பெல்லுக்கு கொஞ்சம் முன்னாடி. நான் ஒருத்திய, ஜோடில ரெண்டு காலும் எடது காலாவே தெச்சதுக்கு, "உன் புருஷனுக்கு ரெண்டும் எடது காலாடி?"ன்னு திட்டிட்டிருந்தேன். எங்க ஹால்ல சொல்யூஷன் வாசன எப்பவும் இருக்கும், அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கு வந்தது வேற வாசன. டயர் எரியற மாதிரி. மூக்கத் தூக்கறதுக்குள்ள சைரன்.

பொண்ணுங்க சிரிச்சாங்க. "அக்கா, இன்னிக்கு பையரா? சொல்லவே இல்லையே!"ன்னு ஒருத்தி தலையச் சரி பண்ணிக்கினா. நானும் சரி, விசில் கடைசில ஜெயிச்சிட்டார், சொல்லாம டிரில் வெச்சிட்டார்னுதான் நெனச்சேன். மெஷின் எல்லாம் ஆஃப் பண்ணாங்க. பாதிப்பேர் பின்படிப் பக்கம் திரும்பினாங்க. நான் முன்னாடி ஓடிப்போய் எமர்ஜென்சி கதவுல பொறங்கைய வெச்சேன். சுட்டுது. குனிஞ்சு பாத்தா, கதவுக்கு அடியில சாம்பக் கலர்ல புகை வந்துட்டிருக்கு. பின்படிக்குக் கீழதான் சொல்யூஷன் கொடவுன், பொறி பட்டா பத்திக்கிற சரக்கு.

"பின்னாடி யாரும் வராதீங்க! முன்படி! முன்படி!" ஐயா சொன்ன அந்த வாய் அன்னிக்குதான் ஒதவுச்சு. தள்ளுமுள்ளு இல்ல, அழுக இல்ல. லைன் லைனா முன்படிக்குப் போனாங்க. அத்தன அழகா ஆடிட் அன்னிக்குக் கூட போனதில்ல. நான் பாத்ரூமுக்குப் போனேன். கதவத் தள்ளு, அடுத்த கதவத் தள்ளு. கடைசிக் கதவு முழுசா தொறக்கல. உள்ள பர்வீன்.

பர்வீன், தோல் ஓரத்தச் சீவற ஸ்கைவிங் மெஷின்ல உக்கார்ற பொண்ணு. கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் கழிச்சு, வேலூர்ல எத்தனையோ வைத்தியம் பாத்து, அப்பதான் வயித்துல தங்கியிருந்துச்சு. ஏழாம் மாசம். அவ மாமியார், "இதுவும் தங்கலன்னா பையனுக்கு வேற எடம் பாப்பேன்"னு அவ காது படவே சொன்ன பொம்பள. அவ சுவத்தப் புடிச்சிக்கினு வாந்தி எடுத்துட்டிருந்தா. சைரன் கேட்டிருக்கு. பதில் சொல்ல முடியல. ஐயா சொன்னது சரி. நான் தட்டிட்டுக் கூப்பிட்டிருந்தா அவ அங்கயே இருந்திருப்பா.

அவள அணைச்சுக்கினு வந்தா, ஹால்ல புகை எறங்கிடுச்சு. லைட் எல்லாம் மஞ்சளா தெரியுது. முன்படியோட மேல்படிக்கு வந்து சேந்தோம். அங்க எங்களுக்கு முன்னாடி எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. படி முழுக்க தல. லைன் நகரல.

"ஏன்க்கா நிக்குது?"ன்னா பர்வீன்.

"நகரும், நகரும்."

நகரல. கீழ இருந்து விசில் சத்தம் கேக்குது, யாரோ கத்தறாங்க, ஆனா எங்களுக்கு முன்னாடி இருந்த முதுகு அசையல. நான் மேல இருந்து கத்தினேன். "ஏய், இன்னா பண்றீங்க கீழ? போங்கடி!" எனக்கு வாய்ல வந்த கெட்ட வார்த்த எல்லாம் கத்தினேன், அது இங்க வேணாம். எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாங்க, முன்னாடி பாத்தாங்க, நின்னாங்க. கதவு பூட்டியிருக்கோன்னு நெனச்சேன்.

தண்ணி பாட்டில்ல இருந்தத பர்வீன் துப்பட்டால ஊத்தி, மூக்கு வாய் சேத்துக் கட்டினேன். அவ ரெண்டு கையையும் வயித்து மேல வெச்சிருந்தா. "அக்கா, ஒதைக்குதுக்கா உள்ள"ன்னா. அப்புறம், "நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா வர்றேன்"னா.

"வாய மூடு. கடைசி ஆள் நான்தான். உனக்குப் பின்னாடிதான் நான் எறங்கணும், அதான் டிரில்"னேன். தைரியமா சொன்ன மாதிரி இருக்கும் படிக்கறவங்களுக்கு. எனக்கு அழுகதான் வந்துட்டிருந்துச்சு. ஏசப்பா, இவ ஒருத்திய மட்டும் கீழ எறக்கிடுன்னு மனசுல சொல்லிக்கினே இருந்தேன்.

திடீர்னு லைன் ஓடுச்சு. நகரல, ஓடுச்சு. அணை தொறந்த மாதிரி படி முழுக்க காலியாச்சு. பர்வீன தூக்காத கொறையா எறக்கினேன். கதவு பூட்டியிருக்கல. நடை தொறந்து கெடக்கு. கன்னியம்மா உக்கார்ற எடத்துல டேபிள் மட்டும் இருக்கு, சிவப்பு சேர் இல்ல. வெளிய வந்து பாத்தேன்.

மைதானத்துல, தூரமா, வேப்பமரத்துக்குக் கீழ, அந்த சிவப்பு சேர். அதுல கன்னியம்மா. பக்கத்துல சுபேதார் ஐயா, சட்ட வெளிய வந்து, தொப்பி எங்கயோ போய், "செக்கிங் இங்க! செக்கிங் இங்க!"ன்னு கத்திட்டிருக்கார். அவர் அப்படிக் கத்தி யாரும் பாத்ததில்ல. மாடில இருந்து எறங்கின அத்தன பேரும் அங்க போய், லைனா நின்னு, இருமிக்கினே ரெண்டு கையையும் தூக்கி வெச்சிருக்காங்க.

நடந்தத கன்னியம்மாதான் அப்புறம் எனக்குச் சொன்னா. மொத ஆளு கீழ வந்து, வழக்கம்போல அவ முன்னாடி நின்னு கையத் தூக்கியிருக்கா. "என் கை தானாப் போய் தட்டுச்சு எஸ்தரு. சைரன் காதுல கேக்குது, கை தட்டுது. சத்தியமா நான் நெனைக்கவே இல்ல." ரெண்டாவது ஆளு, மூணாவது ஆளு. ஐயா கேட்ல இருந்து ஓடி வந்து விசில் அடிச்சிருக்கார். தினம் அவர் விசிலுக்கு அர்த்தம் இன்னா? நில்லு, ஒவ்வொருத்தரா வா. நின்னுட்டாங்க. "போங்கம்மா, ஓடுங்க!"ன்னிருக்கார். முன்னாடி நின்னவ, கையத் தூக்கிக்கினே, "ஐயா, இன்னும் செக்கிங் ஆகலீங்களே"ன்னிருக்கா.

அவர் மொகம் செத்துப்போச்சுன்னா கன்னியம்மா. அப்புறம் கன்னியம்மாவக் கையப் புடிச்சு எழுப்பி, சேரத் தூக்கித் தலைக்கு மேல புடிச்சிக்கினு, "செக்கிங் மைதானத்துல! கன்னியம்மா, வாங்க!"ன்னு ஓடினாராம். "அவர் ஓடறார், நான் ஓடறேன், எங்க பின்னாடி மொத்த கம்பெனியும் ஓடி வருது"ன்னு சொல்லி அவ சிரிச்சா, அப்புறம் அழுதா. லில்லி டீச்சர் சொன்னதுதான். முதுகுல கை படாம நாங்க எழுந்திரிக்க மாட்டோம்.

ஃபயர் சர்வீஸ் வந்து அணச்சாங்க. கொடவுன் போச்சு. செலபேர் மயக்கம் போட்டாங்க, தெளிஞ்சாங்க. பேர் கூப்பிட்டப்ப எல்லாரும் "இருக்கேன்"னாங்க. பர்வீன ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பினோம். ஆஸ்பத்திரில ஸ்கேன் பாத்துட்டு, கொழந்தைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்ற வரைக்கும் நான் வெளிய பெஞ்சுல என் செருப்பு இல்லாத காலப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். பொண்ணு பொறந்துச்சு. என்ன மாதிரியே வாய்னு பர்வீன் சொல்றா. பொய்யா இருக்கும், ஆனா எனக்குப் புடிக்கும்.

மறுநாள் சுபேதார் ஐயாவப் பாத்தேன். மேல இருந்து பெரியவங்க எல்லாரும் அவர் கையப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போயிருந்தாங்க. அவர் படிக்குக் கீழ, அந்த நடைல, தரைல உக்காந்திருந்தார். அவர் தரைல உக்காந்து நான் பாத்ததில்ல.

"அந்தப் பொண்ணு மேல்படில நின்னது என்னாலதாம்மா"ன்னார்.

"இன்னாய்யா பேசறீங்க? நீங்கதானே வெளிய இழுத்தீங்க?"

"சைரன் டிரில் வருஷத்துல எப்பவோ ஒரு தடவ பண்ணோம். செக்கிங் தினம் பண்ணோம். எது டிரில்னு அவங்க ஒடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்குத்தான் தெரியல." குரல் எறங்கிட்டே வந்துச்சு. கண்ணத் தொடைக்கக் கூட இல்ல அவர். எனக்குத் தாங்கல. அவருக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்து, நானும் பக்கத்துல உக்காந்தேன்.

அப்புறம் அவர் பண்ணது ரொம்ப சின்ன விஷயம். அந்த சிவப்பு சேர மைதானத்துல வேப்பமரத்துக்குக் கீழயே விட்டுட்டார். இனிமே செக்கிங் தினமும் அங்கதான். வேலை முடிஞ்சா யாரும் நடைல நிக்கக் கூடாது, நேரா எறங்கி, நேரா நடந்து, மைதானத்துல போய்தான் நிக்கணும். மேனேஜ்மெண்ட் ஒத்துக்கல. அவ்ளோ தூரம் நடக்கறதுக்குள்ள யாராவது தோல எங்கயாவது ஒளிச்சு வெச்சிட்டா யார் பாக்கறதுன்னாங்க. அவர் ரொம்ப மெதுவாப் பேசினாராம். "சேர் உள்ள வந்தா நான் வெளிய போயிடறேன்." விட்டுட்டாங்க. மழைல, சேத்துல, கொடையப் புடிச்சிக்கினு நின்னு, "விசிலு சாகவும் மாட்டேங்குது, நம்மள வாழவும் விட மாட்டேங்குது"ன்னு நாங்க திட்டாத நாளில்ல. ஆனா பாருங்க, வீட்டுக்குப் போறதே எங்களுக்கு தினம் ஒரு டிரில் ஆயிடுச்சு. யாருக்கும் சொல்லிக் குடுக்கவே தேவையில்லாம போச்சு.

அதுக்கப்புறம் எங்க போனாலும் எனக்கு அதே கண்ணு வந்துடுச்சு. கொரோனால ரேஷன் கட வாசல்ல வட்டம் போட்டு நிக்க வெச்சாங்கல்ல, அது போய் எத்தனையோ நாள் கழிச்சும், சுண்ணாம்பு அழிஞ்ச எடத்துலயே ஜனங்க தள்ளித் தள்ளி நின்னாங்க. சர்ச்சுல மணி அடிச்சா முட்டி தானா மடங்குது. ஓட்டுப் போட போனா விரல் தானா நீளுது. நல்லதும் இப்படித்தான் ஒடம்புல ஏறுது, கெட்டதும் இப்படித்தான் ஏறுது. அதான் பயம்மா இருக்கு.

ஐயா போய்ச் சேந்துட்டார். அவர் ஊருக்குப் போய் மால போட்டுட்டு வந்தேன். அந்த விசில அவர் சட்டப் பையிலயே வெச்சிருந்தாங்க. நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் சேர் வேப்பமரத்துக்குக் கீழதான் இருந்துச்சு.

இப்ப திவ்யா போன் பண்ண விஷயத்துக்கு வர்றேன். கம்பெனில புதுசா மெஷின் வாங்கியிருக்காங்க. வாசக்கால் மாதிரி நிக்கும், அதுக்குள்ள நடந்து போகணும். தோலோ இரும்போ, ஒடம்புல ஒளிச்சது எதுவா இருந்தாலும் கத்தும், இல்லன்னா பச்ச லைட். யாரும் யாரையும் தொட வேணாம். எனக்குக் கேட்டதும் சந்தோஷம் தாங்கல. எத்தன வருஷம் கையத் தூக்கிக்கினு நின்னோம்! புது ஜி.எம்.தான் கொண்டு வந்தாராம். நல்ல மனுஷன், பொம்பளைங்க மானத்தப் பத்தி யோசிச்சவர். "ஆனா அக்கா, மழைல நனையக் கூடாதுன்னு அத படிக்குக் கீழ, நடைல வெச்சிருக்காங்க. எனக்கு சரியாப் படல. டிரில் அன்னிக்கு ஆஃப் பண்ணிக்கலாம்மா, எதுக்கு பேஜார்ங்கறாங்க"ன்னா.

போனேன். அதே மாடி, அதே ஹால், மெஷின் மட்டும் புதுசு. இங்க எழுதினதத்தான் அங்க சொன்னேன், இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தையோட. பொண்ணுங்க கண்ணத் தொடச்சாங்க, கை தட்டினாங்க. ஜி.எம். எழுந்து நின்னு கும்பிட்டார். "அந்த சுபேதார் மாதிரி ஆளுங்களாலதான் மேடம் நாங்க இன்னிக்கு நிம்மதியா இருக்கோம்"னார். மனசாரச் சொன்னார், அது தெரிஞ்சுது. நான் திவ்யாவப் பாத்தேன். அவ என்னப் பாக்கல, ஜன்னலப் பாத்துட்டிருந்தா.

சைரன் அடிச்சுது.

டிரில்னு யாருக்கும் சொல்லல அவ. எனக்கும்தான். பொண்ணுங்க எழுந்து முன்படிக்குப் போனாங்க. என் கால் என்னக் கேக்காம பாத்ரூம் பக்கம் போச்சு. கதவத் தள்ளினேன், அடுத்ததத் தள்ளினேன். திரும்பி வந்தா ஜி.எம். எனக்காக நின்னுட்டிருக்கார். "நீங்க மொதல்ல போங்க மேடம்."

"இல்ல சார். நான் கடைசி."

அவர் சிரிச்சிட்டு முன்னாடி நடந்தார். மேல்படிக்கு வந்தோம். படி முழுக்க தல. கீழ இருந்து பீப் சத்தம். ஒருத்தி கொலுசுக்கு மெஷின் கத்துது போல, "திரும்பிப் போய் வாம்மா"ன்னு ஒரு குரல். பச்ச லைட்டுக்கு எல்லாரும் பொறுமையா, ஒழுங்கா நின்னுட்டிருக்காங்க. ஒருத்தி கூட முட்டித் தள்ளல.

ஜி.எம். எட்டிப் பாத்தார். ஒரு படி எறங்கி, மறுபடியும் எட்டிப் பாத்தார்.

"ஏன் லைன் நிக்குது?"

பர்வீன் கேட்ட அதே படி. அவர் திரும்பி என் மொகத்தப் பாத்தார். கோட்டக் கழட்டி கையில புடிச்சிக்கினு, "வழி விடுங்கம்மா, கொஞ்சம் வழி"ன்னு சுவத்த ஒட்டி எறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்துல கீழ இருந்து, கனமான எதையோ ரெண்டு மூணு பேர் சேந்து சிமெண்டு தரைல இழுக்கற சத்தம் கேட்டுச்சு. வெளிப் பக்கமா, மைதானத்துப் பக்கமாப் போச்சு அந்த சத்தம்.

லைன் நகந்துச்சு. நான் ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். ஹால்ல யாரும் இல்ல. அப்புறம் எறங்கினேன்.